விழாத மரம்

கொடைக்கானல் மலைச்சாலையில் அன்றைக்கு எந்த மரமும் விழவில்லை. விழுந்ததாகச் சொன்னவன் நான்.

இதை முதலில் என் மனைவி அமலாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்து அவள் தம்பி சேவியரிடம். இருவரிடமும் சொல்லாமல் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். முகம் தெரியாதவரிடம் சொல்வது எளிது என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகு அதுவும் எளிதாக இல்லை.

நான் திண்டுக்கல்லில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பூப்புனித நீராட்டு விழா, காதுகுத்து, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி... ஊரில் யார் சிரித்தாலும் அழுதாலும் என் கடை வழியாகத்தான் சுவரேற வேண்டும். அதனாலோ என்னவோ, என் படமும் ஒருநாள் பெரிதாக ஊர் முகப்பில் நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் ஊறிக்கிடந்தது. ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அதற்கான வழி சைக்கிளில் வந்தது.

சர்க்கரை நோய்க்காக ஓட்டத் தொடங்கியவன், நண்பர்கள் சேர, கூட்டமாக ஓட்டத் தொடங்கினேன். அமலாவும் சேர்ந்துகொண்டாள். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நான் நாலு பேர் பார்க்க ஓட்டினேன், அவள் பிடித்துப்போய் ஓட்டினாள். கோடை விடுமுறையில் கன்னியாகுமரி வரை சைக்கிளோடு ரயிலில் போய், அங்கிருந்து ஊருக்கு ஓட்டிக்கொண்டே திரும்புவது என்று முடிவானது. நேரான சாலையில் வந்தால் யார் மெச்சுவார்கள்? தேனிப் பக்கம் சுற்றி, கொடைக்கானல் ஏறி, அங்கே ஒருநாள் ஓய்வெடுத்து, மறுநாள் மலையிறங்கி ஊருக்குள் நுழைவது என்று திட்டம் போட்டவன் நான்.

ஊர் எல்லையில் நண்பர்கள் மாலையோடு நிற்பார்கள். வரவேற்பு ஃப்ளெக்ஸைப் புறப்படும் முன்பே நானே அடித்து வைத்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதில் அமலாவின் படத்தைவிட என் படம் கொஞ்சம் பெரிது.

புறப்படுவதற்கு முன் நிலக்கோட்டைக்குப் போய் என் மாமனாரிடம் சொல்லிக்கொண்டோம். பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருந்தவர். கடை சேவியர் கைக்குப் போன பிறகும் விடிகாலையில் மல்லிகை எடைபோடும் இடத்தில் போய் நிற்காவிட்டால் அவருக்குக் காபி இறங்காது. நல்ல மனிதர்தான். ஆனால் மகள் பெரியமனுஷியானதும் அவள் சைக்கிளைப் பிடுங்கித் தம்பியிடம் கொடுத்தவர் அவர். அமலா அதை மறக்கவேயில்லை.

"நாப்பத்தஞ்சு வயசுல உனக்குச் சைக்கிளு என்ன வேண்டிக் கெடக்கு? ஊரு சிரிக்கும். நான் செத்தாக்கூட நீ சைக்கிள்லதான் வருவ போல," என்றார்.

"ஆமா. சைக்கிள்லதான் வருவேன்," என்றாள் அமலா.

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் வெளியே வந்துவிட்டாள். அப்பாவும் மகளும் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் திருடியது என்னவென்று புரிய இது வேண்டும்.

வழியெல்லாம் அவள் அப்பாவோடு பேசவில்லை. ஆனால் சேவியர் தினமும் அழைப்பான். "எங்க வந்துருக்கீங்க மச்சான்? அப்பா கேக்கச் சொன்னாரு. நான் கேட்டேன்னு சொல்லாதன்னும் சொன்னாரு," என்று சிரிப்பான். நான் அதை அமலாவிடம் சொல்வேன். அவள் அடுத்த ஊர் வரை வேகமாக மிதிப்பாள்.

மலை ஏறிய அன்று நல்ல மழை. அமலாவின் போன் நனைந்து செத்துப்போனது. லாட்ஜ் சமையற்கட்டில் ஒரு டம்ளர் அரிசி கேட்டு வாங்கி, அதற்குள் போனைப் புதைத்து வைத்தாள். முழங்கால்கள் கெஞ்ச, இருவரும் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினோம்.

ஓய்வு நாள் விடிந்தது. அமலா குளித்துக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. சேவியர்.

"மச்சான், அக்கா பக்கத்துல இருக்காளா?"

"குளிக்கிறா. சொல்லு மாப்ள."

"அப்பாவுக்கு முடியல மச்சான். திண்டுக்கல்ல ஆஸ்பத்திரில வச்சுருக்கோம். சாமியாரு வந்து அவஸ்தை குடுத்துட்டுப் போயிட்டாரு. அக்காகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க, வழியெல்லாம் அழுதுக்கிட்டே வருவா. செத்த பதட்டப்படாமக் கூட்டிட்டு வாங்க."

எங்கள் சனங்களின் வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். நோயாளிக்குக் கடைசியாகக் குருவானவர் எண்ணெய் பூசி ஜெபிப்பதை அவஸ்தை என்போம். ஆனால் சாமியாரைக் கண்டாலே நோயாளி பயந்துவிடுவார் என்று அவரைக் கூப்பிடாமலே நாளைக் கடத்துவார்கள். பெரும்பாலும் சாமியார் வந்து சேரும்போது மூச்சு நின்றிருக்கும். அதோடு, சாவைப் போனில் சொல்லும் பழக்கமும் எங்களுக்குக் கிடையாது. 'முடியல, வாங்க' என்பார்கள். அதையும் பிள்ளையிடம் சொல்லாமல் மருமகனிடம் சொல்வார்கள். 'முடியல, வாங்க' என்றுதான் என் அம்மாவின் சாவு எனக்கு வந்தது, அப்படித்தான் என் சித்தப்பாவின் சாவும் வந்தது.

ஆகவே எனக்குப் புரிந்துவிட்டது. மாமா போய்விட்டார்.

புரிந்துவிட்டதா?... இந்தக் கேள்வியை இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'மாமா இருக்காரா, இல்லையா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சேவியர் சொல்லியிருப்பான். அப்படிக் கேட்பது மரியாதையில்லை என்று அன்றைக்கு எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அவர் உயிரோடிருந்தால் நான் அந்த நிமிடமே கிளம்பியாக வேண்டும். செத்துப்போயிருந்தால் அவ்வளவு அவசரமில்லை. எனக்கு அவர் செத்திருப்பது வசதியாக இருந்தது.

எழுதிவிட்டேன்.

போனைக் காதில் வைத்தபடி சன்னலுக்கு வெளியே பார்த்தேன். மழை விட்டிருந்தது. இரண்டு சைக்கிள்களும் தாழ்வாரத்தில் சாய்ந்து நின்றன. இத்தனை தூரம் மிதித்து வந்தாயிற்று. மிச்சம் ஒரு இறக்கமும் கொஞ்சம் சமவெளியும்தான். இப்போது கார் பிடித்து இறங்கினால் பயணம் மலையிலேயே அறுந்துபோகும். 'பாதியிலேயே வந்துட்டாங்களாம்' என்பார்கள். அடக்கம் எப்படியும் நாளை மாலைக்கு முன் நடக்காது, வெளியூர்ச் சொந்தம் வந்து சேர வேண்டும். விடிந்ததும் இறங்கினால் நண்பகலுக்குள் போய்விடலாம். வத்தலக்குண்டு வந்ததும் அமலாவிடம் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம்... இவ்வளவையும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

"மாப்ள, இங்க ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. பெரிய மரம். வண்டி ஒண்ணும் எறங்கல. நாளைக் காலையிலதான் வழி விடுவாங்களாம்."

"பழனி வழியா எறங்க முடியாதா மச்சான்?"

"அங்க மண்ணு சரிஞ்சுருச்சாம்."

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். எனக்கு இரண்டாவது பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றும் என்னைக் கூச வைக்கிறது. யோசிக்கக்கூட இல்லை, நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"சரி மச்சான். பாத்து எவ்வளவு வெரசா முடியுமோ வாங்க," என்று வைத்துவிட்டான். அவன் குரல் உடைந்திருந்தது. அதையும் நான் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன்.

அமலா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். "யாருங்க போன்ல?" என்றாள்.

"கடையிலருந்து," என்றேன்.

அன்றைய பொழுதை எப்படிக் கழித்தேன் என்று கேட்பீர்கள். கேளுங்கள். இட்லி சாப்பிட்டேன். இரண்டாவது முறை சட்னி கேட்டு வாங்கினேன். ஏரிக்கரையில் நடந்தேன். அமலா படகு விட வேண்டும் என்றாள், அதுவும் காலால் மிதிக்கிற படகு.

"கால் ஓய்வுன்னு சொல்லிட்டு இங்கயும் பெடலா?" என்று கேலி செய்தேன்.

"பழகிருச்சுங்க. மிதிக்காம இருந்தா என்னமோ மாதிரி இருக்கு," என்று சிரித்தாள்.

ஏரியின் நடுவில் படகை நிறுத்தினாள். காற்று குளிர்ந்து வந்தது. எங்கோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நாளைக்கு மாலையெல்லாம் போட்டு முடிஞ்சதும் நான் நேரா நிலக்கோட்டைக்குப் போறேங்க. சைக்கிள்லயே போயி அப்பா முன்னாடி நிக்கப் போறேன். என்ன சொல்றாருன்னு பாப்போம். ஒண்ணும் சொல்ல மாட்டாரு. காபி சாப்டியான்னு கேப்பாரு, அம்புட்டுத்தான். அது போதும் எனக்கு."

நான் மிதித்துக்கொண்டேயிருந்தேன். அவள் அப்பா இறந்துவிட்டார் என்று நம்பிக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் படகை மிதித்தேன். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால்கூடப் போதும். அப்போது அவர் உயிரோடிருந்தார். பேசிக்கொண்டும் இருந்தார்.

கரைக்கு வந்ததும் அவள் மக்காச்சோளம் வாங்கப் போனாள். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தேன். இப்போது சொல்லப்போவதைச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் பாதியைச் சொல்லிப் பாதியை மறைப்பது எனக்குக் கைவந்த கலை, அதை இங்கேயும் செய்யக்கூடாது.

என் தொழிலில் ஒரு சாவு என்றால் முதல் வேலை படம் தேடுவது. குடும்பத்தார் அழுதுகொண்டிருப்பார்கள், யாராவது ஒருவர் போனில் நல்ல படம் தேடுவார். எங்கள் வீட்டுக்கு அந்த ஒருவர் நான்தானே! சேவியர் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவில் மாமா வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டு நின்ற படம் ஒன்று இருந்தது. பக்கத்தில் நின்றவர்களை வெட்டி எடுத்தேன். என் கடையில் டிசைன் செய்யும் ஃபாத்திமாவுக்கு அனுப்பினேன். 'கண்ணீர் அஞ்சலி. பெரிய சைஸ். இன்றைய தேதி போடு. ரெடி பண்ணி வை, அடிக்கலாம் என்று சொன்னதும் அடி' என்று செய்தியும் அனுப்பினேன்.

அமலா சோளத்தோடு வந்தாள். எனக்கென்று மிளகாய்ப்பொடி அதிகமாகத் தடவி வாங்கியிருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லாட்ஜ் அறையில் அவள் என் கெண்டைக்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளை இறக்கத்தில் தசை பிடித்துக்கொள்ளக்கூடாது என்று அவளுக்குக் கவலை. போன் அடித்தது. ஃபாத்திமா. எழுந்து தாழ்வாரத்துக்குப் போனேன்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க மாமனாருக்கு ஒண்ணு அனுப்புனீங்கள்ல... எங்க அத்தா சுகருக்குக் காட்ட அவரு இருக்குற ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருந்தாக. சேவியர் அண்ணனப் பாத்துப் பேசிருக்காக. பெரியவரு இருக்காருங்கிறாகளே. பேசுறாராம். நீங்க அனுப்புனது வேற யாருக்காச்சுமாண்ணே?"

நான் அறைக்கதவை இழுத்துச் சாத்தினேன்.

"அப்ப டிசைனை அழிச்சுரவா, வச்சிருக்கவா?" என்றாள் மெதுவாக.

"வச்சிரு," என்றேன்.

பார்த்தீர்களா? 'அழித்துவிடு' என்று சொல்லவில்லை. 'வச்சிரு' என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு நரகம் உண்டென்றால் நான் மறுக்கமாட்டேன்.

அவர் உயிரோடிருக்கிறார் என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அது வந்தது, ஆனால் முதலில் வரவில்லை. முதலில் வந்தது பயம். அந்த மரத்தை இப்போது எப்படி அப்புறப்படுத்துவது? காலையில் நானே வெட்டிச் சாய்த்த மரத்தை நானே தூக்க வேண்டும். தாழ்வாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டு அதைத்தான் யோசித்தேன். ஓர் உயிர் இழுத்துக்கொண்டிருக்க, நான் என் பொய்க்கு வழி தேடினேன்.

கடைசியில் சேவியரை அழைத்தேன். "மரத்த அறுத்துட்டாங்களாம் மாப்ள. வழி விட்டுட்டாங்க. கெளம்பிட்டோம்," என்றேன்.

"சீக்கிரம் மச்சான். இப்ப மூச்சுக்கு மாஸ்க்கு போட்டுட்டாங்க," என்றான்.

அமலாவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? "மாமாவுக்கு முடியல. காலையிலயே சேவியர் சொன்னான். ரோட்டுல மரம் விழுந்து அடைச்சுக் கெடந்துச்சு. போக வழியில்லாம உன்னப் பதற வைக்க வேணாம்னுதான் சொல்லல." மரம் அவளிடமும் உதவியது.

அவள் அழவில்லை. எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, "கெளம்புங்க," என்றாள்.

சீசன் நேரம். கார் கிடைக்கவே அலைய வேண்டியிருந்தது. கிடைத்த பிறகு சுற்றுலா வண்டிகள் மலைச்சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. அன்றைக்குக் காலையில் சாலை திறந்தே கிடந்தது என்பது எங்கள் இருவரில் எனக்கு மட்டும் தெரியும். அமலா என் போனில் சேவியரை அழைத்து, போனை அப்பா காதில் வைக்கச் சொன்னாள். உள்ளே போன் விடமாட்டேன் என்கிறார்கள் என்றான். அதற்குமேல் சிக்னலும் இல்லை. அவள் ஒவ்வொரு வளைவிலும் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"எங்கங்க மரம்?"

"அதான் எடுத்துட்டாங்கள்ல."

"ஒரு கெளையக்கூடக் காணோம்."

"ஓரமாத் தள்ளிருப்பாங்க," என்றேன். டிரைவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். அவர் காலையில் ஒரு சவாரி இறக்கிவிட்டு மேலே வந்தவர். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்...

வத்தலக்குண்டில் நுழையும்போது போன் அடித்தது. அமலாவிடம் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று காலையில் திட்டம் போட்டேனே, அதே வத்தலக்குண்டு.

"அப்பா போயிட்டாரு மச்சான்," என்றான் சேவியர்.

சுற்றி வளைக்கவில்லை. 'முடியல' என்று மூடவில்லை. செத்தால் செத்தார் என்று சொல்லத் தெரிந்தவன்தான் அவன். காலையில் அவன் சொல்லாததற்குக் காரணம், காலையில் அவர் சாகவில்லை. இவ்வளவு எளிய விஷயம். இது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நிலக்கோட்டை வீட்டுக்கு உடலைக் கொண்டுவந்தார்கள். சந்தையிலிருந்து கூடை கூடையாக மல்லிகை வந்து இறங்கியது. ஐஸ் பெட்டியின் பக்கத்தில் அமலா சைக்கிள் ஓட்டும்போது போடும் காலணியோடு உட்கார்ந்திருந்தாள், யாரோ வந்து கழற்றிவிட்டார்கள். சேவியர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"அப்பாதான்க்கா சாமியாரக் கூப்புடச் சொன்னாரு. தெளிவா இருந்தாரு. பாப்பா வந்துருவாள்லன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. மரம் விழுந்துருச்சுப்பா, வழியில்லன்னேன். செத்த நேரம் கழிச்சு, மரத்த எடுத்துட்டாங்களான்னாரு. இல்லப்பான்னேன். திரும்பத் திரும்ப அதத்தான்க்கா கேட்டாரு. மாஸ்க்கு மாட்டும்போதுகூட, மரத்த எடுத்துட்டாங்களா, அவ எறக்கத்துல பாத்து வரணும்னாரு. அதுக்கப்புறம் பேசல."

ஒரு மனிதர் உலகத்தில் கடைசியாகப் பேசியது என் மரத்தைப் பற்றி. இல்லாத மரம் ஒன்று நகர வேண்டும் என்று காத்துக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை பூச்சந்தைச் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. வெள்ளைச் சட்டையில் மாமா சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல படம் என்று எல்லாரும் சொன்னார்கள். இரவில் 'அடி' என்று நான் சொன்னதும், ஏரிக்கரையில் உட்கார்ந்து அனுப்பியது அப்படியே அச்சாகியிருந்தது. தேதியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஃபாத்திமா இன்றும் என் கடையில்தான் இருக்கிறாள். அதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. ஆனால் நான் ஒரு கண்ணீர் அஞ்சலி ஆர்டரை எடுத்துப்போய் அவளிடம் கொடுத்தால், படத்தைத் திறப்பதற்கு முன், "உறுதிதானண்ணே?" என்பாள். வேறு யார் கொடுத்தாலும் அப்படிக் கேட்பதில்லை.

சடங்குகள் முடிந்து, சைக்கிள்களை எடுத்துவர வேனோடு நான் மட்டும் மலைக்குப் போனேன். அமலாவுடையதை வேனில் ஏற்றினேன். என்னுடையதில் நான் ஏறினேன். ஆம், இறங்கினேன்! விட்டுப்போன அந்த இறக்கத்தை யாரும் பார்க்காமல் முடித்துக்கொள்ளலாம் என்றொரு அற்பம் அப்போதும் எனக்குள் மிச்சமிருந்தது. ஆனால் வழியெல்லாம் என் கண் தேடியது வேறு. எங்காவது ஒரு மரம் விழுந்து கிடக்காதா, அறுத்த துண்டாவது ஓரத்தில் கிடக்காதா என்று தேடிக்கொண்டே வந்தேன். எல்லா மரமும் நேராக நின்றன. பாதியிலேயே நிறுத்தி வேனில் ஏறிக்கொண்டேன்.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். செய்தேன். அடுத்த வருடப் பெரிய வெள்ளிக்கு முன்னால் போய் முழங்காலிட்டேன். "பொய் சொன்னேன் சுவாமி," என்றேன்.

"அந்தப் பொய்யினால யாருக்கும் கெடுதல் வந்துச்சாப்பா?" என்று கேட்டார்.

"இல்ல சுவாமி," என்றேன்.

'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைச் சில முறை சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் கடவுளின் இலையிலேயே மறைத்துப் பார்த்தவன்.

அமலா அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை. 'சைக்கிள்லதான் வருவேன்னு சொன்னேன், அதான் அப்பா காத்திருக்கல' என்று ஒருமுறை சொன்னாள். அவளுடைய சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே சாக்கு மூடிக் கிடக்கிறது. அவளுக்குக் கோபப்பட ஒன்று வேண்டியிருந்தது. அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆண்டுத் திருப்பலிக்குப் போய்வரும்போதும், தம்பி வீட்டில் சாப்பிட உட்காரும்போதும், சும்மா துணி மடித்துக்கொண்டிருக்கும்போதும் சொல்வாள். "நாசமாப்போன மரம். அன்னைக்குன்னு பாத்தா விழணும்? அதுக்கு வேற நாளே கெடைக்கலையா?"

அப்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். தன்னோடு சேர்ந்து நானும் துக்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்று சொல்கிறேன். போன மாதம் அவளோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவரின் மகளுக்குக் கொடைக்கானலில் கல்யாணம். காரில் போனோம். மலை ஏறத் தொடங்கியதும் அவள் சன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்த மரம் எந்த எடத்துல விழுந்துச்சு? நிறுத்துங்க, பாக்கணும்."

சொல்லியிருக்கலாம். வளைவுகள் நிறைய இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு வாய்ப்பு இருந்தது. நான் ஓட்டிக்கொண்டேயிருந்தேன். ஒரு திருப்பத்தில் சாலையோரம் பழைய அடிமரம் ஒன்று தெரிந்தது. எப்போது, எதற்காக வெட்டினார்களோ தெரியாது. காரை நிறுத்தினேன்.

"இதுதான்," என்றேன்.

அவள் இறங்கிப் போனாள். நானும் பின்னால் போய் நின்றேன். அடிமரத்தின் மேல் பாசி பிடித்திருந்தது. ஓரத்தில் சின்னதாகத் தளிர் ஒன்று விட்டிருந்தது. காலால் உதைப்பாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து அதன்மேல் கையை வைத்தாள். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"பாவம், அது என்ன வேணும்னா விழுந்துச்சு?" என்றாள். "வயசான மரம். மழையில சாஞ்சுருச்சு. அதுக்கு என்ன தெரியும், அங்க ஒருத்தரு காத்துக் கெடக்காருன்னு? நான்தான் இம்புட்டு வருசமா அதத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்." திரும்பி என்னைப் பார்த்தாள். "இனிமே திட்டக்கூடாதுங்க. என்ன நான் சொல்றது?"

"சரிதான்," என்றேன்.

அன்றிலிருந்து அவள் மரத்தைத் திட்டுவதில்லை. சொன்னால் சொன்னபடி நடப்பவள்.

அவள் திட்டிய காலத்தில் அந்தத் திட்டு ஒவ்வொன்றையும் எனக்கு வந்ததென்று உள்ளுக்குள் வாங்கிக்கொண்டு வந்தேன். அதில் ஓர் ஆறுதல் இருந்தது... யாரோ என்னைத் தண்டித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற ஆறுதல். இப்போது வீட்டில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. நேற்றுக்கூட, எனக்குக் கால் உளைகிறது என்று எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். நான் காலை நீட்டினேன்.